மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்குமா? நீங்களே கணக்குப் போட முழு வழிகாட்டி

2014, 2019, 2024 என மூன்று மக்களவைத் தேர்தல்களுக்குத் தொகுதி தொகுதியாக எக்செல்லில் கணக்குப் போட்டிருக்கிறேன். கடைசி முறை என்னோடு நண்பர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் முறை. எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று அப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அரசியல் தெரியாமல் யாரும் விழவில்லை. வாக்கு சதவீதத்தை இடங்களாக மாற்றும் படியில்தான் எல்லோரும் விழுந்தார்கள்.

இரண்டு வரியில் அந்தச் சிக்கலைக் காட்டிவிடலாம். 2019இல் பாஜக வாங்கியது சுமார் 37.4 சதவீதம், கிடைத்தது 303 இடங்கள். 2024இல் வாங்கியது சுமார் 36.6 சதவீதம், கிடைத்தது 240. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை, 63 இடங்கள் போய்விட்டன. இது ஏன் என்று புரிந்தவருக்குக் கணிப்பில் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் தவறும்.

## 1. எந்தப் பெரும்பான்மை என்று முதலில் எழுதுங்கள்

மக்களவையில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 543. பாதியைத் தாண்ட 272 வேண்டும். ஆனால் "ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை" என்று சொல்லும்போது மூன்று வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஒன்று, கட்சி தனியாக 272ஐத் தாண்டுமா? இரண்டு, தேர்தலுக்கு முந்தைய கூட்டணி தாண்டுமா? மூன்று, மூன்றில் இரண்டு பங்கான 362 கிடைக்குமா? 2024இல் முதல் கேள்விக்கு விடை "இல்லை" (240), இரண்டாவதற்கு "ஆம்" (293), மூன்றாவதற்கு "இல்லை". கேள்வியைப் பிரித்து எழுதாதவர் முடிவு வந்த பிறகு தனக்குச் சாதகமான விடையை எடுத்துக்கொள்வார். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

சின்னத்தையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 2019இல் திமுக கணக்கில் ஏறிய 24 பேரில் நான்கு பேர் கூட்டணிக் கட்சிக்காரர்கள், உதயசூரியனில் நின்று வென்றவர்கள். தேர்தல் ஆணையம் சின்னத்தை வைத்து எண்ணுகிறது. நீங்களும் அப்படியே எண்ணுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ஒப்பிடும்போது கணக்கு உதைக்கும்.

## 2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மூன்று மக்களவைத் தேர்தல்களின் தொகுதிவாரி முடிவு வேண்டும். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கு இருக்கிறது. முதல் இரண்டு பேரை மட்டும் எடுக்காதீர்கள். மூன்றாவது, நான்காவது இடத்தில் வந்தவரின் வாக்கில்தான் அடுத்த தேர்தல் ஒளிந்திருக்கும்.

அதன் பிறகு நடந்த சட்டமன்றத் தேர்தல் முடிவுகளும் வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். உத்தரப் பிரதேசத்தில் பெரும்பாலும் ஐந்து. இவற்றைக் கூட்டி மக்களவைத் தொகுதி அளவில் ஒரு பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே எவ்வளவு நம்பலாம் என்பதை 5ஆம் படியில் சொல்கிறேன்.

வாக்குச்சாவடி வாரியாக வேண்டுமானால் படிவம் 20 இருக்கிறது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகளின் தளங்களில் கிடைக்கும், பல இடங்களில் ஸ்கேன் செய்த பக்கங்களாக. முதல் முறை செய்பவர் இதில் இறங்க வேண்டாம். ஒரு மாநிலத்தைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் தேர்தலே முடிந்துவிடும்.

எக்செல்லில் ஒரு தொகுதிக்கு ஒரு வரிசை, மொத்தம் 543. கட்சிக்கு ஒரு பத்தி, அணிக்கு ஒரு பத்தி. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள், ஏனென்றால் கட்சி நிலைக்கும், அணி மாறும். தொகுதிப் பெயரின் எழுத்து ஒவ்வொரு ஆண்டுக் கோப்பிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். அதனால் பெயரை வைத்துத் தேடாமல் மாநிலக் குறியீடும் தொகுதி எண்ணும் சேர்ந்த ஓர் அடையாள எண்ணை நீங்களே கொடுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் பெயரை வைத்துக் கோப்புகளை இணைத்ததில் பதினோரு தொகுதிகள் சத்தமில்லாமல் காணாமல் போயின. மொத்தம் 532 வந்ததைக் கவனிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு படி முடிந்ததும் வரிசைகள் 543தானா என்று பாருங்கள்.

எல்லை மாறிய இடங்களைத் தனியாகக் குறியுங்கள். ஜம்மு காஷ்மீரில் 2022இலும் அசாமில் 2023இலும் தொகுதி மறுவரையறை நடந்தது. அங்கே 2019 முடிவையும் 2024 முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பெயர் ஒன்றாகவே இருந்தாலும் ஊர்கள் வேறு. அடுத்த தேர்தலுக்குள் நாடு முழுக்க மறுவரையறை வந்துவிட்டால் இந்தக் கோப்பைச் சட்டமன்றத் தொகுதி அளவிலிருந்து மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அதற்காகவும் சட்டமன்ற முடிவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

## 3. பழைய முடிவை இன்றைய கூட்டணிக்கு மாற்றி எழுதுங்கள்

இதுதான் அடித்தளம். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டி நேராகக் கருத்துக் கணிப்புக்குப் போய்விடுகிறார்கள். கடந்த முறை யாரோடு யார் நின்றார்கள் என்பது பழைய கதை. இன்று நிற்கும் அணிகள் அன்றைக்கே நின்றிருந்தால் ஒவ்வொரு தொகுதியிலும் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கற்பனை முடிவிலிருந்துதான் எல்லா நகர்வையும் அளக்க வேண்டும்.

தர்மபுரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் அங்கே திமுக பாமகவை வென்றது 21,300 வாக்கில். மூன்றாவதாக வந்த அதிமுக வாங்கியது சுமார் 2.93 லட்சம். பாமக அப்போது பாஜக அணியில், அதிமுக தனி அணியில். இரண்டும் ஒரே அணியாக இருந்திருந்தால் தாளில் இது திமுக ஜெயிக்கும் தொகுதியே இல்லை.

தாளில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓட்டு அப்படியே கூடாது. ஒரு கட்சித் தொண்டர் கூட்டணிக் கட்சியின் சின்னத்துக்குப் போடுவாரா என்பது ஊருக்கு ஊர் மாறும். உத்தரப் பிரதேசத்தில் 2014இல் சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் தனித்தனியே வாங்கியதைக் கூட்டினால் சுமார் 42 சதவீதம், பாஜக வாங்கியதும் ஏறக்குறைய அதேதான். 2019இல் இரண்டும் ராஷ்டிரிய லோக் தளத்தையும் சேர்த்துக்கொண்டு ஒன்றாக நின்றன. கூட்டல் கணக்குப்படி சரிக்குச் சரி வந்திருக்க வேண்டும். வந்தது அந்த அணிக்கு 15, பாஜகவுக்கும் அதன் கூட்டாளிக்கும் 64. கூட்டணியின் வாக்கு 39 சதவீதத்துக்கு இறங்கியது, பாஜக 50ஐத் தொட்டது.

அதனால் நான் செய்வது இது. அணி மாறிய கட்சியின் வாக்கில் 100 சதவீதம், 85 சதவீதம், 70 சதவீதம் புதிய அணிக்குப் போவதாக மூன்று பத்திகள் வைப்பேன். விட்டுப்போகும் வாக்கில் பாதியை எதிரணிக்கும் பாதியை மற்றவர்களுக்கும் கொடுப்பேன். மூன்றிலும் ஒரே அணி ஜெயிக்கும் தொகுதியை விட்டுவிடலாம். மூன்றில் ஒன்றில் முடிவு மாறினால் மஞ்சள் அடியுங்கள். பின்னால் நேரம் செலவழிக்க வேண்டியது அந்த மஞ்சள் வரிசைகளுக்குத்தான்.

கடந்த மக்களவைத் தேர்தலில் நிற்காத கட்சிக்கு அடித்தளமே கிடையாது. தமிழ்நாட்டில் தவெக அப்படி. இப்படிப்பட்ட கட்சிக்குப் பூஜ்யம் போடுவதும் தப்பு, கூட்டத்தைப் பார்த்து ஒரு சதவீதத்தை அடித்துவிடுவதும் தப்பு. அது நின்ற சட்டமன்றத் தேர்தலின் வாக்கு இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலை வையுங்கள். முக்கியமாக, அந்த வாக்கு யாரிடமிருந்து போகிறது என்று ஒவ்வொரு நிலையிலும் எழுதுங்கள். இடங்களை மாற்றுவது அந்தக் கழித்தல்தான்.

## 4. நாட்டை மாநிலங்களாகப் பிரியுங்கள்

"37 சதவீதம் என்றால் 543இல் 201 இடம்தானே?" என்று குழுவில் ஒரு தம்பி உண்மையாகவே கேட்டார். இலங்கை போன்ற விகிதாசார முறையில் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. நம்முடையது முதலில் வருபவர் வெல்லும் முறை. இங்கே வாக்கின் அளவோடு, எதிர்ப்பு வாக்கு எத்தனை துண்டாக உடைந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கிறது.

உத்தரப் பிரதேசத்தை மறுபடி பாருங்கள். பாஜக 2014இல் வாங்கியது சுமார் 42.6 சதவீதம், இடம் 71. 2024இல் வாங்கியது சுமார் 41.4 சதவீதம், இடம் 33. வாக்கு கிட்டத்தட்ட அதே, இடம் பாதிக்கும் கீழே. 2014இல் எதிரே சமாஜ்வாதி 22, பகுஜன் சமாஜ் 20, காங்கிரஸ் ஏழெட்டு என்று சிதறிக் கிடந்தது. 2024இல் சமாஜ்வாதியும் காங்கிரஸும் சேர்ந்து 43 சதவீதத்தை ஒரே பக்கம் குவித்தன. பகுஜன் சமாஜ் 9 சதவீதத்துக்குச் சுருங்கியது. பாஜக வாக்கை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது கண்ணிலேயே பட்டிருக்காது. 2024இல் நானும் உத்தரப் பிரதேசத்தில் பகுஜன் சமாஜுக்கு 15 சதவீதம் போட்டு வைத்திருந்தேன். அந்த ஒரு கட்டம் தவறியதால் என் மொத்தக் கணக்கே பாஜக பக்கம் சாய்ந்தது. அன்றிலிருந்து மூன்றாவது கட்சியின் வாக்கைத்தான் முதலில் நிரப்புகிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. வாக்கு ஏறியும் இடம் வராத மாநிலங்கள். தமிழ்நாட்டில் பாஜக 2019இல் 3.7 சதவீதத்திலிருந்து 2024இல் 11.2க்கு வந்தது, இடம் பூஜ்யம். பஞ்சாபில் அகாலி தளம் இல்லாமல் தனியாக நின்று 18 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, அங்கேயும் பூஜ்யம். இந்த வாக்குகளெல்லாம் தேசிய சதவீதத்தைத் தூக்கிப் பிடித்தன. ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் விழுந்ததை அவை மறைத்துவிட்டன. 0.8 சதவீதத்துக்கு 63 இடம் போனதன் ரகசியத்தில் பெரும் பகுதி இதுதான்.

எத்தனை இடத்தில் நின்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காங்கிரஸ் 2019இல் 421 இடங்களில் நின்றது, 2024இல் 328இல். தேசிய சதவீதம் 19.5இலிருந்து 21க்குத்தான் ஏறியது, இடங்களோ 52இலிருந்து 99. நின்ற தொகுதிகளுக்குள் அதன் வாக்கு எவ்வளவு ஏறியது என்று பார்த்தால்தான் இந்தப் பாய்ச்சல் புரியும்.

### உச்சவரம்பைக் கணக்கிடுங்கள்

மாநிலங்களைப் பிரித்ததும் ஆளுங்கட்சி ஒவ்வொன்றிலும் இன்னும் எத்தனை இடம் ஏற முடியும் என்று எழுதுங்கள். இதற்குக் கருத்துக் கணிப்பே தேவையில்லை, வெறும் கழித்தல் போதும். 2024 முடிவை வைத்துப் பாஜகவுக்குச் செய்து காட்டுகிறேன்.

மத்தியப் பிரதேசம் 29க்கு 29. டெல்லி 7க்கு 7. உத்தராகண்ட் 5க்கு 5. இமாச்சல் 4க்கு 4. குஜராத் 26க்கு 25. ஒடிசா 21க்கு 20. சத்தீஸ்கர் 11க்கு 10. இந்த ஏழு மாநிலங்களிலும் சேர்த்து 103 இடங்களில் 100 ஏற்கெனவே கையில். அங்கே அலையே அடித்தாலும் கூடுதலாகக் கிடைப்பது மூன்று. இறங்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம்.

தனிப்பெரும்பான்மைக்கு 240இலிருந்து இன்னும் 32 வேண்டும். மூன்று போக மீதி 29உம் வேறு இடங்களிலிருந்து வர வேண்டும். பீகாரில் மொத்தம் 40 தொகுதி, ஆனால் பாஜக நின்றது 17இல், வென்றது 12. அதே தொகுதிப் பங்கீடு தொடர்ந்தால் அங்கே அதிகபட்சம் ஐந்துதான் ஏற முடியும். மகாராஷ்டிரத்தில் 28இல் நின்று 9. உத்தரப் பிரதேசத்தில் 75இல் நின்று 33. ராஜஸ்தானில் 25க்கு 14. மேற்கு வங்கத்தில் 42க்கு 12. ஆக, பாஜக தனியாக 272ஐத் தொடுமா என்ற கேள்வி உண்மையில் நான்கைந்து மாநிலங்களைப் பற்றிய கேள்வி. உங்கள் நேரத்தில் பாதியை அங்கே போடுங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு வாரம் உட்காருவது வீண்.

## 5. மாநில வாரியாக வாக்கு நகர்வை மதிப்பிடுங்கள்

இப்போதுதான் கருத்துக் கணிப்புகள் உள்ளே வர வேண்டும். கணிப்பை வாசிக்கும்போது இடங்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வாக்கு சதவீதத்தை மட்டும் எடுங்கள். அவர்கள் மக்களிடம் கேட்டது யாருக்கு ஓட்டு என்பதைத்தான். இடம் என்பது அதன் மேல் அவர்கள் போட்ட கணக்கு, அதை நீங்கள்தான் போடப் போகிறீர்கள். எத்தனை பேரிடம், எந்தத் தேதிகளில், எந்த மாநிலத்தில் கேட்டார்கள் என்று சொல்லாத கணிப்பை ஒதுக்கிவிடுங்கள். தேசிய அளவில் பத்தாயிரம் பேரிடம் கேட்டிருந்தாலும் ஹரியானாவுக்குப் பிரித்தால் சில நூறு பேர்தான் இருப்பார்கள். அதை வைத்து ஒரு மாநிலத்தைத் தீர்மானிக்க முடியாது.

பல கணிப்புகளின் சராசரியை எடுங்கள், உங்களுக்குப் பிடித்த ஒன்றை அல்ல. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கை தானாகவே பிடித்த எண்ணை நோக்கிப் போகும். அதனால் எந்தெந்தக் கணிப்பை எடுப்பது என்ற விதியை அவற்றைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

சட்டமன்ற முடிவை அப்படியே மக்களவைக்கு எடுத்துப் போடுவது மிகப் பெரிய தவறு. 2018 டிசம்பரில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் மூன்றிலும் காங்கிரஸ் ஆட்சியைப் பிடித்தது. ஐந்தாறு மாதத்தில் அதே மூன்று மாநிலங்களின் 65 மக்களவை இடங்களில் பாஜக அணி 62ஐ அள்ளியது. டெல்லி இன்னும் தெளிவு. 2015இல் சட்டமன்றத்தில் ஆம் ஆத்மிக்கு 70க்கு 67, 2019 மக்களவையில் பாஜகவுக்கு 7க்கு 7, 2020 சட்டமன்றத்தில் ஆம் ஆத்மிக்கு 62, 2024 மக்களவையில் மறுபடி பாஜகவுக்கு 7. ஒரே வாக்காளர் இரண்டு தேர்தலுக்கு இரண்டு விதமாகப் போடுகிறார்.

அப்படியானால் சட்டமன்ற முடிவு எதற்கு? மாநிலத்துக்குள் எந்தப் பகுதி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க. மொத்த அளவைக் கருத்துக் கணிப்பிலிருந்து எடுங்கள், பகுதி வித்தியாசத்தைச் சட்டமன்ற முடிவிலிருந்து எடுங்கள்.

வாக்குப்பதிவு சதவீதத்தை வைத்து ஆட்சி மாற்றம் சொல்வதையும் விட்டுவிடுங்கள். 2009இல் 58 சதவீதமாக இருந்தது 2014இல் 66.4 ஆனது, ஆட்சி மாறியது. 2019இல் 67.4 ஆக மேலும் ஏறியது, அதே ஆட்சி கூடுதல் பலத்தோடு திரும்பியது. அடுத்தடுத்த இரண்டு தேர்தலே எதிரெதிராகச் சொல்லும்போது அதை விதியென்று எடுத்துக்கொள்ள முடியாது.

## 6. நகர்வைத் தொகுதிக்குள் இறக்குங்கள்

மாநில அளவில் ஆளும் அணி 50இலிருந்து 46க்கு இறங்கும், எதிரணி 40இலிருந்து 43க்கு ஏறும் என்று மதிப்பிட்டிருக்கிறீர்கள் என வையுங்கள். இதைத் தொகுதிக்குள் கொண்டுபோக இரண்டு வழி.

முதல் வழி, எல்லாத் தொகுதியிலும் ஒரே அளவு கூட்டிக் கழிப்பது. கடந்த முறை 48க்கு 41 என்று வென்ற தொகுதி இப்போது 44க்கு 44, இழுபறி. இரண்டாவது வழி, விகிதப்படி மாற்றுவது. 50, 46 ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் 0.92ஆல் பெருக்குவது. 48 அப்போது 44.2 ஆகும். எதிரணியின் 41ஐ 1.075ஆல் பெருக்கினால் 44.1. இங்கே இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கட்சிக்கு 3 சதவீதமே இருக்கும் தொகுதியில் நான்கைக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். 65 சதவீதம் இருக்கும் கோட்டையில் விகிதப்படி கழிக்கும்போது 5க்கு மேல் விழும். நான் இரண்டின் நடுவை எடுக்கிறேன். ஒவ்வொரு தொகுதியிலும் மொத்தம் 100 வருகிறதா என்று கடைசியில் சரிபாருங்கள். பலர் இதை மறந்து 104 சதவீத வாக்கோடு கணிப்பை முடிக்கிறார்கள்.

ராஜஸ்தானில் 2019இலிருந்து 2024க்குள் உண்மையில் நடந்ததைப் பாருங்கள். பாஜக சுமார் 59இலிருந்து 49க்கு இறங்கியது, காங்கிரஸ் சுமார் 34இலிருந்து 38க்கு ஏறியது. இறக்கமும் ஏற்றமும் சேர்ந்து 14 சதவீதப் புள்ளி. அதாவது கடந்த முறை 14 புள்ளிக்குள் வென்ற தொகுதிகளெல்லாம் ஆபத்தில், அதற்கு மேல் வென்றவை தப்பிக்கலாம் என்பது முதல் மதிப்பீடு. 25இல் 25 இருந்த அணி 14க்கு வந்தது. காங்கிரஸின் அந்த 38இல் சீகர், நாகௌர் போன்ற கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்த தொகுதிகளின் வாக்கு இல்லை என்பதால் எதிரணியின் உண்மையான ஏற்றம் இன்னும் அதிகம். 2ஆம் படியில் கட்சியையும் அணியையும் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வேட்பாளர் பட்டியல் வந்த பிறகு மட்டும் தொகுதிக்கென்று தனித் திருத்தம் செய்யுங்கள். ஒரு திருத்தம் இரண்டு புள்ளியைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர்த் தொகுதிக்கு ஐந்து புள்ளி போடாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

## 7. வெற்றி, தோல்வி என்று எழுதாதீர்கள்

2024இல் மும்பை வடமேற்குத் தொகுதி முடிந்தது 48 வாக்கு வித்தியாசத்தில். கேரளத்தின் ஆற்றிங்கல் 684. விருதுநகர் 4,379. இப்படிப்பட்ட தொகுதியில் யார் வெல்வார் என்று முன்கூட்டியே சொல்ல எந்தக் கணக்காலும் முடியாது. ஆனால் இழுபறி என்று முன்கூட்டியே சொல்ல முடியும்.

அதனால் ஒவ்வொரு வரிசையிலும் வெற்றி வாய்ப்பை எழுதுங்கள். நான் வைத்திருக்கும் தோராய அளவு இது: கணித்த முன்னிலை 10 புள்ளிக்கு மேல் என்றால் 95 சதவீதம், 5 முதல் 10 வரை 80, 2 முதல் 5 வரை 65, அதற்கும் கீழே 55. பின்தங்கியிருந்தால் இதையே தலைகீழாக. 543 வரிசையின் வாய்ப்பையும் கூட்டினால் எதிர்பார்க்கும் இடங்களின் எண்ணிக்கை வந்துவிடும். இழுபறித் தொகுதிகளையெல்லாம் ஒரே பக்கம் தள்ளிவிடும் தவறு இதில் நிகழாது.

## 8. பிழைகள் கூட்டமாகத்தான் வரும்

இந்தப் படியில் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். 100 தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் உங்களுக்கு 60 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி நாணயச் சுண்டல் என்று நினைத்தால் 60 இடம் கிடைக்கும், ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். மிகவும் உறுதியான கணிப்பாகத் தெரியும். உண்மையில் கணிப்பு ஒரு தொகுதியில் தவறினால் பக்கத்துத் தொகுதியிலும் அதே திசையில்தான் தவறும். 40 வரலாம், 80உம் வரலாம்.

2024 ஜூன் 1 மாலை வந்த வாக்குக்குப் பிந்தைய கணிப்புகளை நினைத்துப் பாருங்கள். முக்கியமானவை பலவும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன, சில 400 வரை போயின. ஜூன் 4இல் வந்தது 293. சில கூடுதலாகவும் சில குறைவாகவும் தவறியிருந்தால் சராசரி காப்பாற்றியிருக்கும். எல்லாம் ஒரே பக்கம் தவறின. சராசரி எடுப்பது இந்த வகைப் பிழைக்கு மருந்து இல்லை.

எக்செல்லில் இதை இப்படிச் செய்யலாம். மூன்று வகைப் பிழை வையுங்கள்: நாடு முழுக்க ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, தொகுதிக்கு ஒன்று. ஆளும் அணியின் வாக்கில் முறையே 2.5, 3, 4 புள்ளி திட்ட விலகல் (பிழை வழக்கமாக எவ்வளவு தள்ளிப் போகும் என்ற அளவு) என்று நான் வைக்கிறேன். சராசரி பூஜ்யமும் இந்த விலகலும் கொடுத்துத் தற்செயல் எண் எடுக்கும் சூத்திரம் எக்செல்லிலேயே இருக்கிறது. முன்னிலையாகக் கணக்கிடும்போது இந்தப் பிழையை இரட்டிப்பாக்குங்கள், ஏனென்றால் இங்கிருந்து போகும் வாக்கு பெரும்பாலும் எதிரே போய் விழுகிறது. இந்தப் படியில் 7இன் சதவீத வாய்ப்பைப் பயன்படுத்தாதீர்கள். பிழை சேர்ந்த முன்னிலை பூஜ்யத்துக்கு மேல் என்றால் 1, கீழே என்றால் 0.

நாட்டுப் பிழை தாளின் மேலே ஒரே ஒரு கட்டத்தில் இருக்க வேண்டும். 543 வரிசையும் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள். எங்கள் குழுவில் மூன்று பேர் சூத்திரத்தை அப்படியே கீழே இழுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனி நாட்டுப் பிழை உருவாகி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிட்டது. முடிவு 10 இட வரம்புக்குள் சுருங்கியதைப் பார்த்து மகிழ்ச்சியடைந்தார்கள். உங்கள் வரம்பு அவ்வளவு குறுகலாக வந்தால் முதலில் அந்த டாலர் குறியைப் பாருங்கள்.

ஒரே கணக்கைப் பல முறை தானாக ஓட்டும் எக்செல்லின் டேட்டா டேபிள் வசதியில் இதை 1,000 முறை ஓட்டி, எத்தனை முறை கட்சி 272ஐத் தாண்டியது, எத்தனை முறை கூட்டணி தாண்டியது என்று எண்ணுங்கள். 1,000இல் 310 என்றால் வாய்ப்பு 31 சதவீதம். 1ஆம் படியில் எழுதிய கேள்விக்கு இதுதான் விடை.

## 9. பழைய தேர்தலில் வைத்துச் சோதியுங்கள்

2019 முடிவை அடித்தளமாக வைத்து, 2024 மே மாதம் வரை தெரிந்த தகவலை மட்டும் கொடுத்து, 2024ஐக் கணித்துப் பாருங்கள். 240உம் 293உம் உங்கள் வரம்புக்குள் விழுகின்றனவா? விழாவிட்டால் 8இல் வைத்த விலகல்களைப் பெரிதாக்குங்கள். நடுப்புள்ளியை இழுத்து விடையைப் பொருத்த முயலாதீர்கள். அது ஒரே ஒரு தேர்தலை மனப்பாடம் செய்வதாகிவிடும்.

2004ஐயும் சோதிக்கச் சொல்வேன். பாஜக தலைமையிலான ஆளும் கூட்டணி எளிதாகத் திரும்பும் என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. 1999இல் அதற்குத் தமிழ்நாட்டில் 26, ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தெலுங்கு தேசத்தோடு சேர்த்து 36, ஆக 62 இடங்கள். 2004இல் தமிழ்நாட்டில் பூஜ்யம், ஆந்திரத்தில் 5. இதில் தமிழ்நாட்டுப் பாதி யாருக்கும் திடீரென்று வந்ததில்லை. திமுக, பாமக, மதிமுக மூன்றும் காங்கிரஸ் அணிக்குப் போனது தேர்தலுக்கு முன்பே ஊரறிந்த செய்தி. பழைய முடிவை இன்றைய அணிக்கு மாற்றி எழுதும் 3ஆம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தச் சரிவு ஒரு கருத்துக் கணிப்பும் இல்லாமலேயே தாளில் தெரிந்திருக்கும். ஆந்திரத்துச் சரிவுக்கு 5ஆம் படி தேவைப்பட்டிருக்கும். செய்து பாருங்கள், எந்தப் படி எதைப் பிடிக்கிறது என்று கைக்கே புரியும்.

## 10. தேதி போட்டு மூடுங்கள்

முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் கோப்பின் ஒரு பிரதியைத் தேதியோடு நண்பர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். 2024இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டமாக நடந்தது. அந்த ஆறு வாரத்தில் தினமும் ஒரு பேச்சு, ஒரு கூட்டம், ஒரு வதந்தி வரும். அதற்கெல்லாம் எண்ணை மாற்றினால் கடைசியில் எது உங்கள் கணிப்பு என்று உங்களுக்கே தெரியாது.

வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வருபவர்களிடம் கேட்டு அதை வெளியிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலத்துக்குள் அப்படிக் கணிப்பு நடத்துவதையும் வெளியிடுவதையும் தடை செய்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு சிறை வரை.

வாக்கு எண்ணி முடிந்ததும் மொத்த எண்ணை ஒப்பிட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு மாநிலத்தில் பத்து கூட்டி, இன்னொன்றில் பத்து குறைத்து, மொத்தம் சரியாக வந்திருக்கலாம். மாநிலம் மாநிலமாக, முதலில் வாக்கு சதவீதத்தையும் பிறகு இடத்தையும் ஒப்பிடுங்கள். வாக்கு சரியாக இருந்து இடம் தவறியிருந்தால் பிழை 3இலோ 6இலோ இருக்கிறது. வாக்கே தவறியிருந்தால் 5இல். 3ஆம் படியில் வைத்த 100, 85, 70இல் எது உண்மைக்கு அருகில் வந்தது என்று மஞ்சள் அடித்த ஒவ்வொரு தொகுதிக்கும் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த தேர்தலுக்கு நீங்கள் முதலில் திறக்க வேண்டிய பத்தி அதுதான்.